இடது குதிகால்

நடங்க சிஸ்டர் என்கிறான். அந்தச் சுவர் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க, வழக்கமா எப்படி நடப்பீங்களோ அப்படியே, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். வேறொன்றும் செய்ய வேண்டாமாம். எனக்குப் பின்னால் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து செல்போனை என் கணுக்காலுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறான் இந்த எபினேசர். என் மகள் வயதுதான் இருக்கும். கால்களைப் பரிசோதித்து அவரவர் காலுக்கென்று செருப்புக்குள் வைக்கிற இன்சோலும் செருப்பும் செய்து கொடுப்பது இவன் தொழில். வண்ணார்பேட்டையில் இந்த மாடியில் கிளினிக் வைத்திருக்கிறான், எங்கள் ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர்தான் இவனிடம் போகச் சொன்னார். சுடிதார் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு வெறுங்காலோடு நிற்கிறேன், டைல்ஸ் சில்லென்றிருக்கிறது. சேலை உடுத்தியிருந்தால் நன்றாயிருக்கும். சேலை வேண்டாம், கால் தெரியணும் என்று போனிலேயே சொல்லிவிட்டான். காலம் பூராவும் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்துவிட்டேன், எத்தனை பேரிடம் துணியை விலக்கச் சொல்லியிருப்பேன், வெட்கப்படாதீங்க, நாங்க பார்க்காததா என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பேன். அவர்களெல்லாம் படுத்திருந்தார்கள். படுத்திருக்கிறவர்களுக்கு நடை கிடையாது. சரி, நடக்க வேண்டியதுதான். வலது காலை வை. அடுத்து இடது, குதிகாலைத் தரையில் விடாதே, முன்பாதத்தில் ஊன்று, தோள் நேராக இருக்கட்டும், பார்வை முன்னால். இதையெல்லாம் நினைத்துத்தான் செய்கிறேன் என்றில்லை, கால் தானாகச் செய்துகொள்கிறது, கண் இமைப்பதைப் போல. சுவர் வந்துவிட்டது. திரும்பி வருகிறேன். நன்றாகவே நடந்தேன், தோள் அசையவில்லை. அவன் போனில் எடுத்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை சிஸ்டர் என்கிறான்.

இன்னொரு தடவை. என்னைப் பெண் பார்க்க வந்த அந்த அம்மாளும் இப்படித்தான் கேட்டாள். மாப்பிள்ளைக்கு அத்தை முறை, நல்ல உயரம், தொடையில் கைப்பையை நிறுத்தி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைய ஒரு நடை நடக்கச் சொல்லுங்க, பார்ப்போம் என்றாள். யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கிற பெண்ணை யார் எழுப்பி நடக்கச் சொல்வார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வை. குதிகாலைத் தூக்கு என்று வாயால் சொல்லவில்லை, கண்ணால் சொன்னாள். அடுப்படி வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், ஒரு குறையுமில்லை. இன்னொரு தடவை என்றாள் அந்த அம்மாள், சிரித்துக்கொண்டே. "சேலைய லேசாத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நட, தாயி." கூடம் முழுவதும் என் காலடியைப் பார்த்தது. மாப்பிள்ளைகூட, அவன் பெயரை மறந்துவிட்டேன், அவனும் என் கணுக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தூக்கவுமில்லை, நடக்கவுமில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர்கள் போன பிறகு அப்பாவிடம் சொன்னேன், நர்ஸ் படிப்புக்குப் போட்டுவிடுங்கள், இனி ஒருத்தர் முன்னாலும் நடந்து காட்ட மாட்டேன் என்று. நினைத்ததைச் செய்தேன். அந்த ஒரு வைராக்கியத்தில்தான் படித்தேன், வேலைக்கு வந்தேன், எந்த வார்டு வேண்டும் என்று கேட்டபோது தியேட்டர் என்றேன். ஏன் தியேட்டர் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன். அங்கே நடக்க வேண்டாம், நிற்க வேண்டும். நிற்பது எனக்கு வரும். தியேட்டரில் ஒருத்தர் காலையும் ஒருத்தரும் பார்ப்பதில்லை, எல்லாக் கண்ணும் மேஜைமேல் விளக்கு விழுகிற இடத்தில் இருக்கும், கத்தரிக்கோலும் இடுக்கியும் கைக்குக் கை போகும், டாக்டர் கை நீட்டுவதற்கு முன்னால் என் கை நீண்டுவிடும். வடிவு சிஸ்டர் இருந்தாப் போதும் என்பார்கள். சங்கரவடிவு என்று அம்மா வைத்த பெயர். வடிவு.

இரண்டாவது தடவையும் நடந்துவிட்டேன். மூன்றாவது தடவையும். எபினேசர் எழுந்து என்னைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்கிறான். ரெக்ஸின் விரிப்பு முகத்தில் ஒட்டுகிறது, ஸ்பிரிட் வாடை, அது எனக்குத் தெரிந்த வாடை, கொஞ்சம் தைரியம் வருகிறது. வலது பாதத்தைப் பிடித்து வளைத்துப் பார்க்கிறான், முட்டி வலி எத்தனை நாளா இருக்கு, இடுப்பு எப்படி, காலையில எழுந்ததும் எப்படி என்று கேட்டுக்கொண்டே போகிறான், நானும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இப்போது இடது பாதம். முன்பாதத்தில் காய்ப்பு, அது எனக்குத் தெரியும், வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துக் கல்லால் தேய்க்கிறேன். அவன் விரல் குதிகாலுக்குப் போகிறது. நிற்கிறது. பெருவிரலால் அழுத்துகிறான், விடுகிறான், திரும்ப அழுத்துகிறான். வலது குதிகாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடியும் இடதுக்கு வருகிறான். கண்டுபிடித்துவிட்டான். கெண்டைக்காலில் ஏதோ ஓடி இறங்குகிறது. சின்னப்பிள்ளை குதிகால் மாதிரி இருக்கே என்கிறான், என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லை. பிறகு கேட்கிறான், "இந்தக் குதிகால் தரையில பட்டு எவ்வளவு காலமாச்சு சிஸ்டர்?" நான் விரிப்பில் முகத்தை அழுத்திக்கொள்கிறேன். எவ்வளவு காலம். முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்கிறது. காய் பறிக்க ஏறினேன், விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது, காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்திருந்தார்கள், பிறகு மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று எழுந்து நின்றால் தரை ஒரு பக்கம் கீழே இருந்தது. எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் குட்டையாகக் கூடிவிட்டது, அவ்வளவுதான், பெரிய விஷயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவுக்குத்தான் பெரிய விஷயமாக இருந்தது. சாயங்காலமானால் பின்கட்டில் சுவர் ஓரமாக என்னை நடக்க விடுவாள். ஏட்டி, குதிகாலத் தூக்கு. தோளப் பாரு. இன்னும் தூக்கு. அடித்ததில்லை. ஒருநாள் நான் அழுதபோது அவளும் கூட அழுதாள், அழுதுகொண்டே தூக்கு என்றாள். அவள் செய்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை, அவள் உயிரோடு இருந்து இந்த எபினேசர் விரல் நிற்கிற இடத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன். பிறகு அது என் வேலையாகிவிட்டது. குளியலறையில் தனியாக இருக்கும்போதுகூடத் தூக்கித்தான் நிற்பேன். யார் பார்க்கிறார்கள் அங்கே.

சின்ன வயசிலேர்ந்தே தம்பி, என்று சொல்லிவிட்டேன். குரல் விரிப்புக்குள் போய்விட்டதால் அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்டிருக்கிறது. எழுந்து உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறான். தரையில் போட்டிருக்கிற கறுப்புப் பலகைமேல் மிதித்து நடக்கச் சொல்கிறான், எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று கம்ப்யூட்டரில் தெரியுமாம். மிதித்து நடக்கிறேன். திரையில் வலது பாதம் முழுசாக இருக்கிறது, குதிகால் சிவப்பு, விரல்கள் மஞ்சள். இடது பக்கம் முன்பாதத்தில் மட்டும் ஒரு சிவப்புக் குழம்பு, அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, வெறும் கறுப்பு. பாதி ஆள். எனக்கு எங்கள் தலைமை நர்ஸ், மேட்ரன் செல்லராணி மேடத்தின் முகம் நினைவுக்கு வருகிறது. போன மாதம் ஒரு பெரிய ஆபரேஷன், நேரம் போய்க்கொண்டே இருந்தது, வலது முட்டியில் ஆணி இறங்குகிற மாதிரி வலி, நான் டிராலியில் இடுப்பைச் சாய்த்துவிட்டேன். கருவி ஒன்றும் விழவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுநாள் மேட்ரன் கூப்பிட்டு டீ வரவழைத்து அன்பாகச் சொன்னார், வடிவு, ஸ்டோருக்குப் போயிரு, கீழ்த்தளம், ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு, பஞ்சும் கையுறையும் எடுத்துக் கொடுக்கிற வேலைதான், ரிட்டயர் ஆகிற வரைக்கும் நிம்மதியா இருக்கலாம். அன்பாகச் சொல்கிறவர்களிடம் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். யோசிச்சுச் சொல்றேன் மேடம் என்று வந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையைக் கழுவும்போது பார்த்தேன், இந்தக் கை பஞ்சு எடுத்துக் கொடுக்கிற கை இல்லை. ஸ்டோருக்குப் போக மாட்டேன். அதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன், இந்தப் பையன் முன்னால் பேண்ட்டை மடித்துக்கொண்டு நிற்பது அதற்காகத்தான். அப்படியானால் ஏன் அவனையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்காருகிறான். "சிஸ்டர், நீங்க நடக்கல. நடந்து காட்டுறீங்க. உங்க நடையப் பார்த்தாத்தான் நான் ஏதாவது செய்ய முடியும்." கோபமாகச் சொல்லவில்லை. என் நடை. அது எது என்று யோசிக்கிறேன், யோசிக்க யோசிக்கத் தெரியவில்லை. அம்மா கொடுத்த நடைதான் இருக்கிறது, அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறதா, இல்லை, முருங்கை மரத்தோடு போய்விட்டதா. குதிகாலை விட்டுவிட்டால் என்ன ஆகும். இடுப்பு இறங்கும். தோள் சாயும். ஒரு தடவை விட்டுவிட்டால் பிறகு தூக்க வராதோ என்று ஒரு பயம், இது முட்டாள்தனமான பயம் என்று தெரிகிறது, தெரிந்தும் போக மாட்டேனென்கிறது. இந்த அறை பத்தாது, நீளமா நடக்கணும், அப்பத்தான் கால் தன்னப்போல போகும், வெளிய வராந்தாவுல நடப்போமா என்கிறான். வராந்தாவில் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்ட பெரியவர், மடியில் பெண்குழந்தையை வைத்துக்கொண்டு ஒருத்தி, இன்னும் யார்யாரோ. அவர்களோடு சிதம்பரம் உட்கார்ந்திருக்கிறார், என் வீட்டுக்காரர், மடியில் ஹெல்மெட்டோடு. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது என்னைத் தியேட்டர் வாசலில் பார்த்தவர், நேரே எங்கள் அப்பாவிடம் போய்க் கேட்டவர். பெண் பார்க்கவென்று கூட்டத்தைக் கூட்டி வரவில்லை, நடக்கச் சொல்லவில்லை. அதற்காகவே சரி என்றேன். அவருக்கு நான் நொண்டிக் காட்டியதில்லை. பிரசவ வலியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தபோதுகூடக் குதிகாலைத் தூக்கித்தான் நடந்தேன். அவர் பார்ப்பார். பார்த்தால். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால். மறைத்துவிட்டாய் என்று நினைத்தால். இந்த வயதுக்கு மேல் நினைத்து என்ன. இருந்தாலும் நினைப்பாரே. தம்பி, அவரை வேண்டுமானால் டீ குடிக்க அனுப்பிவிடட்டுமா என்று கேட்க வாயெடுக்கிறேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொள்கிறேன். இல்லை. அவர் இருக்கட்டும். எல்லாரும் இருக்கட்டும்.

கதவைத் திறக்கிறேன். வராந்தா நீளமாக இருக்கிறது, கடைசியில் ஜன்னல், ஜன்னலில் மேம்பாலத்து வெயில். வலது காலை வைக்கிறேன். இடது காலை எடுத்து முன்னால் வைத்து, அம்மா, மன்னிச்சிக்கோ, குதிகாலை விடுகிறேன். முழுசாக இறங்கவில்லை, கெண்டைக்கால் நரம்பு கயிறு மாதிரி இழுக்கிறது. ஆனால் இடுப்பு இறங்கிவிட்டது. உடம்பு ஒரு பக்கம் போய்த் திரும்புகிறது. வலது. மறுபடியும் இடது, மறுபடியும் சரிவு. தோள் போகிறது, கை அதுபாட்டுக்கு வீசுகிறது, இது யாருடைய கை. கட்டுப் போட்ட பெரியவர் நிமிர்ந்து பார்க்கிறார். பார்க்கட்டும். குழந்தை பார்க்கிறது, குழந்தையின் அம்மா அதன் முகத்தை மெதுவாகத் திருப்புகிறாள், திருப்ப வேண்டாம் தாயே, பார்க்கட்டும். முகம் சுடுகிறது, காதுக்குள் ரத்தம் இரைகிறது, ஆனால் வலது முட்டி, இது என்ன, வலது முட்டி கத்தவில்லை. எத்தனையோ வருஷமாக அது ஒரு ஆளாகச் சுமந்திருக்கிறது. சிதம்பரம் நாற்காலி நெருங்குகிறது. நான் அவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கிறேன், ஆனால் ஓரக்கண்ணில் அவர் வேட்டி தெரிகிறது, செருப்புக் கால் தெரிகிறது. நான் தாண்டுவதற்கு வசதியாக அவர் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான். ஜன்னல் வரை போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே ஆட்டோக்கள் போகின்றன, ஒருத்தன் இளநீர் சீவுகிறான். திரும்ப வேண்டும். திரும்பிவிட்டால் அவர் முகம் எதிரே இருக்கும். திரும்புகிறேன். அதே சாய்வு, அதே சரிவு, இப்போது கொஞ்சம் வேகமாகவே, இழுக்கிற நரம்பைப் பொருட்படுத்தாமல். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் வந்ததும் யாருக்கும் கேட்காத குரலில் சொல்கிறார், "வீட்லயாவது இப்படி நடந்திருக்கலாம்லா."

எனக்கு நிற்கத் தோன்றுகிறது. நின்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன் என்று தெரிகிறது, அதனால் நிற்கவில்லை, நொண்டிக்கொண்டே அறைக்குள் வந்துவிட்டேன். அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து. தியேட்டர் வாசலில் பார்த்தபோதேவா. தெரிந்துகொண்டு, நான் குதிகாலைத் தூக்குவதையும் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை காலம். அது பெருந்தன்மையா அல்லது கேட்கப் பயமா, எனக்குப் பயம் இருந்த மாதிரி அவருக்கும் இருந்திருக்கும், இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒன்றைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறோம். அழுகை வருகிறது, இப்போது வேண்டாம். எபினேசர் மரப்பலகைகள் வைத்திருக்கிறான், மெல்லிய பலகைகள், இடது காலுக்குக் கீழே ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டு இரண்டு இடுப்பெலும்பின்மேலும் கை வைத்துப் பார்க்கிறான். இன்னொன்று. இன்னும் ஒன்று. இப்ப நேரா இருக்கீங்க சிஸ்டர் என்கிறான். நேராகவா. எனக்கு வலது பக்கம் விழப்போகிற மாதிரி இருக்கிறது, கட்டிலைப் பிடித்துக்கொள்கிறேன். எதிரே கண்ணாடி இருக்கிறது, பார்க்கச் சொல்கிறான். தோள்கள் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, இரண்டு காலும் ஊன்றியிருக்கிறது, நான் எதையும் தூக்கவில்லை. நேராக நிற்பது இவ்வளவு சாய்வாகத் தெரியுமா. பழகிரும் என்கிறான். ஒரே தடவையில் முழுசையும் கொடுக்க மாட்டானாம், முதலில் பாதி உயரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, கூடவே கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சி தினமும் செய்தாக வேண்டும், வலிக்கும், விடக்கூடாது. விட மாட்டேன் என்கிறேன். அப்புறம் ஒரு விஷயம் என்று தயங்குகிறான். முழு உயரத்தையும் செருப்புக்கு உள்ளே ஒளிக்க இடமில்லை. கொஞ்சம்தான் உள்ளே போகும், மீதி வெளியே அடியில் ஒட்டித்தான் ஆக வேண்டும், ஒரு செருப்பு தடியாகவும் ஒன்று மெலிதாகவும் இருக்கும், தியேட்டரில் போடுகிற செருப்பும் அப்படித்தான். "பார்க்கிறவங்களுக்குத் தெரியும் சிஸ்டர்." அவன் கண்ணில் எத்தனையோ பேர் இந்த இடத்தில் எழுந்து போனது தெரிகிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது, இப்போதுதான் ஒரு வராந்தா முழுக்கக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன். "தெரியட்டும் தம்பி. ரெண்டு ஜோடியாச் செய்ங்க. தியேட்டருக்கு உள்ளது கழுவுற மாதிரி இருக்கணும், ரத்தம் தெறிக்கும்." அவன் ஒரு பெட்டியை முன்னால் வைக்கிறான், உள்ளே பூ செருகி வைக்கிற ஸ்பாஞ்சு மாதிரி இளஞ்சிவப்பாக ஏதோ, அதில் பாதத்தை அமுக்கினால் அச்சு கிடைக்கும். என்னை உட்கார வைத்து முட்டியை ஒரு கையால் பிடித்து மறு கையால் பாதத்தை இறக்குகிறான், பொடுபொடுவென்று நொறுங்கி உள்ளே போகிறது, பின்பக்கம் மட்டும் நிற்கிறது, இழுக்கிறது. நானே அமுக்குறேன் என்று அவன் கையை விலக்கச் சொல்லி இரண்டு உள்ளங்கைகளாலும் என் முட்டியை நானே அழுத்துகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துகிறேன். போகிறது.

படி இறங்குகிறோம். லிஃப்ட் இருக்கிறது, படியிலேயே போவோம் என்று நான்தான் சொன்னேன். சிதம்பரம் ஒரு படி முன்னால் இறங்கி நின்று, நான் வந்ததும் அடுத்த படி இறங்குகிறார், கையைப் பிடிக்கவில்லை, பிடிக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நானே சொல்ல வேண்டும், முருங்கை மரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எங்கெல்லாமோ சுற்றித்தான் வர வேண்டியிருக்கும், சொல்லிவிடுவேன். பையில் போன் அடிக்கிறது. மேட்ரன். வழக்கமான குரல், அன்பு, அவசரம். ஸ்டோருக்கு நாளைக்குள்ள ஆள் சொல்லணும் வடிவு, என்ன முடிவு பண்ணின, கால் எப்படி இருக்கு, டாக்டர் என்ன சொன்னாரு. கால் நல்லாத்தான் இருக்கு மேடம் என்று நாக்கு தானாக ஆரம்பிக்கிறது, எத்தனை வருஷப் பழக்கம். நிறுத்துகிறேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுப்படியில் நிற்கிறேன். சிதம்பரமும் நிற்கிறார், ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொள்கிறார்.

"எனக்கு ஒரு கால் குட்டை மேடம். சின்ன வயசுலேர்ந்தே. அதுக்குத் தோதாச் செருப்பு செய்யக் கொடுத்திருக்கேன். அது வர்ற வரைக்கும் கொஞ்சம் நொண்டுவேன், உங்களுக்குப் பார்க்க ஒரு மாதிரியா இருக்கும். ஸ்டோருக்கு வேற ஆளப் பாருங்க."

பதில் வருகிற வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று அடுத்த படியில் காலை வைக்கிறேன்.